நாலாவது அறையில் மேற்கே

1. கிழிந்த புத்தகம்

காதர் பாய் அன்று அச்சகத்துக்குள் செருப்போடு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கையில் நாங்கள் அடித்துக் கொடுத்த சின்னப் புத்தகம். நடுவில் கிழிந்திருந்தது. அதை என் முன்னால் மேசையில் போட்டார்.

"ஆறுமுகம், இதுல எத்தன மாதிரி அடிச்சீங்க?"

"ஒரே மாதிரிதாங்க பாய்."

"ஒரே மாதிரின்னா பாதிப் பேரு அருமைங்கறான், பாதிப் பேரு செருப்பத் தூக்கறான். அதெப்படி?"

கிழிந்த பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

நான் கம்பாசிட்டர். அஞ்சாவது வரை படித்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து வரியாக்குவது வேலை. பின்னால் கம்ப்யூட்டர் வந்ததும் அதே அச்சகத்தில் பேப்பர் வெட்டினேன், பைண்டிங் செய்தேன். இப்போது அங்கே டைப் அடிக்கிற பிள்ளைகள், "பெரிய தப்பு ஏதாவது பண்ணியிருக்கறீங்களா?" என்று கேட்டார்கள். பண்ணியிருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

2. கோட்டை ஆட்டம்

காதர் பாய்க்கு உக்கடத்தில் கடை. ரேடியோ, டேப், டிவி விற்பார், ரிப்பேரும் பார்ப்பார். அந்த வருசம் டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் செட்டுகளை மொத்தமாக இறக்கியிருந்தார். செட்டோடு ஒரு கேசட் வரும். கேசட்டின் மேல் இருந்த எழுத்து எந்த ஊர் எழுத்து என்றே யாருக்கும் தெரியாது. ஆட்டத்தின் பெயரும் தெரியாது. கடையில் அதைக் கோட்டை ஆட்டம் என்றார்கள்.

விளக்கைப் பிடித்த ஒரு ஆள் கோட்டைக்குள் போக வேண்டும். பன்னிரண்டு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஏகப்பட்ட கதவுகள். சரியான கதவுக்குள் போனால் அடுத்த இடம். தப்பான கதவு என்றால் குழியில் விழுந்து சாவான். திரும்ப முதல் அறையிலிருந்து ஆட வேண்டும். வாங்கியவர்கள் ஒரு வாரம் ஆடினார்கள். ஒருவரும் ரெண்டாவது அறையைத் தாண்டவில்லை. இது ஆகாது என்று செட்டுகளைத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

பாய் கடையில் மெக்கானிக் சென்னியப்பன். கோபிக்காரர், முப்பதுக்குள் வயது. விற்கிற ஒவ்வொரு செட்டையும் அவர்தான் திறந்து, சால்டரிங் பார்த்து, ஆடிச் சோதித்துக் கொடுப்பார். அப்படி ஆடி ஆடிப் பன்னிரண்டு அறையையும் தாண்டிவிட்டார். வழியை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாய் அதைப் பார்த்துவிட்டு, "இதையே புஸ்தகமா அடிச்சு செட்டோட குடுத்துரலாம்" என்றார். அப்படித்தான் அந்த வேலை எங்களிடம் வந்தது.

சென்னியப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபியில் அவர் முன்பு வேலை பார்த்த கடையில், ஸ்பேர் பார்ட்ஸ் திருடினான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருடவில்லை என்று அவர் சொன்னார். அங்கே யாரும் நம்பவில்லை. பாய் நம்பினார். வேலை கொடுத்தார். கடைக்கு மேலே ஒரு ரூமும் கொடுத்தார். கோயமுத்தூரில் அவருக்கு இருந்தது அந்த வேலையும், அந்த ரூமும், பாய் நம்பினார் என்பதும்தான்.

3. எழுத்து தீர்ந்தது

ஈய எழுத்துகளை மரப்பெட்டியில் குழி குழியாகப் பிரித்து வைத்திருப்போம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குழி. 'க' நிறைய இருக்கும். 'இ' கொஞ்சம்தான் இருக்கும். சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு நாலோ அஞ்சோ 'இ' வந்தால் அதிகம்.

இந்தப் புத்தகம் அப்படியில்லை. இடது, இடது, கீழே குதி, வலது, மறுபடி இடது. பக்கம் முழுக்க அதுவேதான். முதல் எட்டுப் பக்கம் கோத்து முடித்தபோது 'இ' குழியில் விரலை விட்டுத் துழாவினேன். மரம்தான் தட்டுப்பட்டது.

எட்டுப் பக்கத்தை ஒரு பாரம் என்போம். அதை அச்சடித்தபின் எழுத்துகளைக் கலைத்து அதனதன் குழியில் போட்டு, அடுத்த பாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அன்று மெஷின் மோட்டார் எரிந்துபோனது. கோத்த பாரம் மெஷினிலேயே நின்றது. முதலாளி சேலத்துக்கு ஒரு காரியத்துக்குப் போயிருந்தார். எழுத்துக் கடன் வாங்கலாம் என்றால் பக்கத்து அச்சகம் பூட்டியிருந்தது. பாய் வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் கேட்டிருந்தார்.

எழுத்து பத்தாமல் போனால் வார்த்தையை மாற்றுவது எங்கள் தொழிலில் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் 'வருகை தந்து' என்பதை 'வந்திருந்து' என்று ஆக்குவோம். யாரும் கேட்டதில்லை. அதே மாதிரி இதற்கும் யோசித்தேன். இடது, இடப்பக்கம், இடக்கை. எல்லாம் 'இ'. பீச்சாங்கைப் பக்கம் என்று போட்டால் 'இ' வேண்டாம். ஆனால் கேம் புத்தகமானாலும் அதுவும் புத்தகம்தான். கழுவுகிற கையை எப்படி அச்சில் ஏற்றுவது?

பிறகு 'மேற்கே' என்று வைத்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இடது வலது என்று சொல்கிற பழக்கம் கம்மி. பந்தியில் உட்கார்ந்தவரை நகரச் சொன்னால்கூட, "செத்த மேக்கால தள்ளி உக்காருங்க" என்போம். எந்த ஊட்டுக்குள் போனாலும் திசை தெரியும். நோட்டு வாங்கப் போன அன்று பாய் கடையில் டிவியைப் பார்த்திருந்தேன். வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது. பார்க்கிறவனுக்கு இடது பக்கம் உக்கடம் குளம். குளம் மேற்கு. அதனால் இடது என்றால் மேற்கு. எனக்கு ரெண்டும் ஒரே வார்த்தை.

மேற்கே என்று போட்டபின் வலது என்று இருந்தால் ஒட்டாது. அதையும் கிழக்கே என்று மாற்றினேன். நாலாவது அறையிலிருந்து பன்னிரண்டாவது அறை வரை அப்படியே போனது. யாரையும் கேட்கவில்லை.

ப்ரூப்பை சென்னியப்பன் கடையிலேயே பார்த்தார். ஒரு கையில் ப்ரூப்பை வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"மேக்கன்னு போட்டிருக்கறீங்க" என்றார்.

"ஆமா. சரியா வருதா?"

"வருதுங்கண்ணா." பன்னிரண்டு அறையும் தாண்டிவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மோட்டார் சரியானதும் அச்சாகிப் போனது.

4. செத்தவர்களும் தாண்டியவர்களும்

முதல் பத்து நாள் நல்ல பேர். பிறகு புகார் வந்தது. எல்லாப் புகாரும் ஒரே மாதிரி இருந்தது. மூணு அறை வரை புத்தகம் சொல்கிறபடி நடக்கிறது. நாலாவது அறையில் காலை வைத்ததும் சாவு. ஆனால் எல்லாருக்கும் அப்படியில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஜெயிக்கிறார்கள், எதிர் வீட்டில் சாகிறார்கள்.

பவானியிலிருந்து ஜமுக்காளம் நெய்கிற ஒருவர் செட்டைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து அவரே வந்தார்.

"பாய், செட்டு தானாச் சரியாயிருச்சுங்க. பொங்க நோம்பிக்கு வெள்ளையடிக்க டிவிய அந்தச் சுவத்துக்கு மாத்தி வெச்சனுங்க. அப்பறம் ஆடுனா கோட்டையே கவுந்துபோச்சு."

பாய் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். டிவியோடு செட்டும் அசைந்திருக்கிறது. அசைந்ததில் உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே ஏதோ சரியில்லை. புது செட்டுக்குள் எப்படி சரியில்லாமல் போகும்? ஐசி என்கிற சில்லில் நல்லதைக் கழற்றிவிட்டு மட்டமான ஐசியை யாரோ மாட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கிழிந்த புத்தகத்தை மேசையில் போட்ட அன்று இதை எங்கள் முதலாளியிடம் சொன்னார்.

"ஒவ்வொரு செட்டையும் தொறந்தது ஒருத்தன்தான்."

"அப்பப் புஸ்தகத்துல தப்பில்லீங்களே பாய்?" என்றார் முதலாளி. அவருக்கு அவர் கவலை.

"அத நாளைக்குக் கோபியில பாத்துக்கலாம். நெறைய செட்டு எடுத்தது அங்க செல்வராசு கடை. அவரு எல்லாத்தையும் திருப்பி அனுப்பறேன்னு நிக்கறாரு. கண்ணால பாக்க வாங்கங்கறாரு. உங்க ஆளையும் அனுப்புங்க. நோட்ட எடுத்துட்டு வரட்டும். புஸ்தகமா, செட்டான்னு அங்கயே தெரிஞ்சுரும்."

பாய் போனபின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். போன மாதம்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமையை வியாழக்கிழமை என்று கோத்திருந்தேன். நூறு பேர் ஒரு நாள் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய் நின்றார்கள்.

"ஆறுமுகம், தப்பு புஸ்தகத்துலதான்னு வந்துச்சுன்னா நீ அங்கயே இருந்துக்கோ. இங்க வந்து சோத்துப் போசியக்கூட எடுக்க வேண்டாம். நானே குடுத்தனுப்பறேன்."

சரிங்க என்றேன். இரவெல்லாம் நோட்டையும் புத்தகத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். இடது என்று எழுதிய இடத்தில் எல்லாம் மேற்கே என்று சரியாகத்தான் வைத்திருந்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

5. கோபி

காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். பாய் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். நானும் சென்னியப்பனும் பின்னால். டூல்ஸ் பையை எடுத்து வரச் சொல்லியிருந்தார் பாய். அதை சென்னியப்பன் மடியில் வைத்திருந்தார்.

அவிநாசி தாண்டிய பிறகு பேசினார்.

"செட்டுல ஒண்ணுமே இல்லீங்கண்ணா. ஒவ்வொண்ணும் ஆடிப் பாத்துத்தான் குடுத்தேன்."

"ம்."

"திரும்ப வந்த செட்டையும் கடையில மாட்டிப் பாத்தேன். புஸ்தகத்துல இருக்கறபடியே போகுதுங்க. அப்பறம் எப்படிக் கெட்டுப்போன செட்டுங்கறாங்க?"

"நீங்க பாய்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க. கேட்டுக்கிட்டாரு. பதில் சொல்லல." பையின் வாரை இழுத்துவிட்டு, "கோபியில எறங்கவே புடிக்கலீங்க" என்றார்.

செல்வராசு கடை பெரிய கடை. பின்னாலேயே வீடு. பாயைக் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றார். சென்னியப்பனைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஏனுங்க பாய், இவனயா வெச்சிருக்கறீங்க? இவம் பேரு இந்த ஊருக்கே தெரியுமே. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தார். சென்னியப்பன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து சுவரோரம் நின்றார்.

செல்வராசு சம்சாரம் மரகதம் டிவிக்கு முன்னால் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கேம் ஆடுவது அந்த வீட்டில் அவர்தான்.

"வாங்க. நீங்கதான் புஸ்தகம் போட்டவுங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

"எழுத்துக் கோத்தது நானுங்க அம்மணி."

"நாலாவது அறையில நான் செத்த சாவுக்கு, இவரு எனக்கு எத்தனையோ தடவ பதினாறாம் நாள் காரியம் பண்ணியிருக்கணுமுங்க. சோறு பொங்காம ஆடறேன்னு அதையும் பண்ண மாட்டேங்கறாரு."

"மொதல்ல ஆட்டத்தக் காட்டு" என்றார் செல்வராசு.

மரகதம் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் படித்தேன். இடது. இடது. கீழே குதி. வலது. கட்டை விரல் பழக்கமாக ஓடியது. முதல் அறை போனது. ரெண்டாவது போனது. மூணாவதும் போனது.

"இப்பப் பாருங்க" என்றார் மரகதம்.

"நாலாவது அறை. மேற்கே ரெண்டு கதவு."

அமுக்கினார். விளக்குக்காரன் ரெண்டு எட்டு நடந்து குழியில் விழுந்தான். டிவி ஒரு சத்தம் போட்டது.

"இன்னொருக்காப் படிங்க" என்றார் பாய்.

திரும்ப முதலிலிருந்து ஆடினார். திரும்ப விழுந்தான். பாய் நோட்டை என்னிடம் வாங்கிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தார். நோட்டில் இடது, புத்தகத்தில் மேற்கே. அவர் கண்ணுக்கு அது படவில்லை. கதவு ரெண்டு என்றால் ரெண்டா என்று எண்ணிக்கையைத்தான் விரல் வைத்துப் பார்த்தார்.

"புஸ்தகம் சரியாத்தான் இருக்குது" என்றார்.

"அப்பச் செட்டுதான். மொதல்ல அவம் பையத் தொறக்கச் சொல்லுங்க" என்றார் செல்வராசு.

மரகதம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. "நீங்க படிங்க, ஒரே ஒரு தடவ" என்று மறுபடி ஆட ஆரம்பித்தார். நான் படித்தேன். இந்தத் தடவை டிவியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன்.

"மேற்கே ரெண்டு கதவு."

வலது பக்கத்தை அமுக்கினார்.

சாயங்கால வெயில் சன்னல் வழியாக அவர் வலது தோளில் விழுந்துகொண்டிருந்தது. டிவி தெற்குச் சுவரில் இருந்தது. அவருக்கு மேற்கு வலது பக்கம்.

எல்லாம் விளங்கிவிட்டது. பவானிக்காரர் வெள்ளையடித்தது, எதிரெதிர் வீட்டில் ஒருவர் ஜெயித்து ஒருவர் செத்தது, எல்லாம். கடையில் ஆடினால் ஏன் சரியாக வருகிறது என்பதும் விளங்கியது. வடக்குச் சுவரில் டிவி வைத்தவனுக்கு மட்டும்தான் அந்தப் புத்தகம் சரி.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளி சொன்னது காதில் நின்றது. எனக்கு வேறு தொழில் தெரியாது. புத்தகத்தை மூடினேன். விரலை மட்டும் நாலாவது அறைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

சென்னியப்பன் பையைத் திறந்து கவிழ்த்தார். சிமென்ட் தரையில் எல்லாம் கொட்டியது. ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பிச் சுருள், டெஸ்டர். ஒரு தீப்பெட்டி. செல்வராசு தீப்பெட்டியை எடுத்துத் தள்ளித் திறந்தார். மூணு ஐசி.

"பாத்துக்கோங்க பாய்."

"அது ரிப்பேருக்கு வந்த டேப்போடதுங்க" என்றார் சென்னியப்பன். "பெட்டிக்கு அடியில யாரோடதுன்னு எழுதி வெச்சிருக்கறனுங்க."

"திருடறவன் பேரு எழுதி வெச்சுத்தான் திருடுவானாக்கும்" என்றார் செல்வராசு.

யாரும் தீப்பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. பாய் அதை வாங்கி மூடினார். அதை டிவிக்கு மேல் வைத்தார். பிறகு சென்னியப்பனைப் பார்க்காமல் சொன்னார்.

"சென்னியப்பா, ரூம் சாவியக் குடுத்துரு."

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் டூல்சுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஒன்று நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"பாய், செட்டுல தப்பில்லீங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அம்மணி, இன்னொரு தடவ ஆடுங்க. மேக்கன்னு நான் படிச்சா, இந்த வெயில் பக்கம் போகாதீங்க. எதிர்ப்பக்கம் அமுக்குங்க."

"மேக்கு இந்தப் பக்கமில்லீங்களா?"

"இந்த ஊட்டுல மேக்கு அந்தப் பக்கந்தானுங்க. புஸ்தகத்துல எதிர்ப்பக்கமுங்க."

மரகதம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆடினார். நாலாவது அறை. மேற்கே ரெண்டு கதவு. இடது பக்கம் அமுக்கினார். விளக்குக்காரன் ரெண்டு கதவும் தாண்டினான். கிழக்கே ஒன்று. தாண்டினான். அஞ்சாவது அறை, ஆறாவது அறை. நான் படித்துக்கொண்டே போனேன். சென்னியப்பன் கையில் டெஸ்டரோடு குந்தியபடியே இருந்தார். பன்னிரண்டாவது அறையில் கோட்டைக் கதவு திறந்து டிவியில் பூ மாதிரி ஏதோ கொட்டியது.

மரகதம் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது?" என்றார் பாய்.

"இ தீந்துபோச்சுங்க."

"என்ன தீந்துபோச்சு?"

"இ எழுத்துங்க. இடதுன்னு போட எழுத்து இல்லீங்க. அதனால மேற்கேன்னு வெச்சனுங்க. உங்க கடை டிவிக்கு இடது பக்கம் மேக்குங்க. எல்லா ஊட்டு டிவியும் அப்படித்தான்னு நெனச்சுப்போட்டேன். நோட்டுல அவரு சரியாத்தான் எழுதியிருக்கறாரு. பாருங்க."

பாய் நோட்டைப் பிரித்தார். புத்தகத்தைப் பிரித்தார். இந்தத் தடவை வார்த்தையைப் பார்த்தார். கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம்தான் முதலில் பேசினார்.

"அப்ப இத்தன நாளா என்னயக் கொன்னது நீங்கதானாக்கும்?"

"ஆமாங்க அம்மணி."

"நான் எம் மூளைதான் மழுங்கிப்போச்சுன்னு நெனச்சனுங்க. இவரு வேற தெனமும் அதையே சொன்னாரு." புருசனைத் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தீப்பெட்டியத் திருப்பிப் பாருங்க. எழுதியிருக்குதா இல்லையா?"

செல்வராசு எடுத்துப் பார்த்தார். எழுதியிருந்தது. உக்கடத்துக் கடைக்காரர் ஒருவர் பேர், டேப் மாடல், எல்லாம் பென்சிலில்.

"சரி, சரி. டீ போடச் சொல்றேன். சாப்புட்டுப் போங்க" என்றார்.

பாய் சாவியை எடுத்து நீட்டினார். "சென்னியப்பா" என்றார்.

சென்னியப்பன் உடனே வாங்கவில்லை. முதலில் டூல்ஸ் ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் அதனதன் இடத்தில் வைத்தார். தீப்பெட்டியை வாங்கி வைத்தார். பையின் வாரைக் கட்டினார். பிறகு எழுந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"ப்ரூப்ல மேக்கன்னு இருந்தத நானும் பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் பங்கிருக்குதுங்க" என்றார்.

அப்படி அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

டீ குடிக்கவில்லை.

6. திரும்பி வரும்போது

பஸ்ஸில் பாய் இந்தத் தடவை சென்னியப்பன் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"வெயில எப்பப் பாத்தீங்க?"

"எந்த வெயில்?"

"அந்த அம்மணி தோள்ல உழுந்த வெயில்."

பொய் சொல்லலாம். கடைசியாக ஆடியபோதுதான் பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. அவர் கேட்ட விதத்தில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீங்க பையத் தொறக்கறதுக்கு முன்னாடியே" என்றேன்.

தலையை ஆட்டினார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். பாய் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. முழுதாகக் கேட்டார். 'இ' தீர்ந்த கதையை ரெண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"எழுத்துத் தீந்தாக் கேக்கலாமில்ல? கேக்கறதுக்கு வாயுமா தீந்துபோச்சு?"

நான் நின்றேன். சோத்துப் போசியை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

"போய்த் திருத்தச் சீட்டுக் கோத்துட்டு வா" என்றார்.

கோத்தேன். 'நாலாவது அறை முதல் மேற்கே என்பதை இடது பக்கம் என்றும், கிழக்கே என்பதை வலது பக்கம் என்றும் படிக்கவும்.' முதலாளி தானே மூணு தடவை ப்ரூப் பார்த்தார். மீதியிருந்த எல்லாப் புத்தகத்திலும் ஒட்டினோம். கோபிக்கும் பவானிக்கும் கட்டாக அனுப்பினோம். செல்வராசு செட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. மரகதம் மட்டும் பாய் கடைக்கு ஒரு கார்டு போட்டார். சீட்டு வேண்டாம், எங்களுக்குப் பழகிப்போச்சு, வேற கேசட் இருந்தா அனுப்புங்க என்று.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு வார்த்தையையும் கேட்காமல் மாற்றியதில்லை. எழுத்து இல்லையென்றால் இல்லை என்று சொல்வேன். வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். போகட்டும். ஆனால் எழுத்து விசயம் பெரிசில்லை. அதற்குத் திருத்தச் சீட்டு இருக்கிறது.

சென்னியப்பன் பாய் கடையிலேயே இருந்தார். பில் புக் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வருவார். மரியாதையாகப் பேசுவார். வேலையை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை வாசலில் நிறுத்தி, அன்னைக்கு நான் பேசாம நின்னது தப்பு என்றேன்.

"உடுங்க. கடைசியிலதான் சொல்லிட்டீங்களே" என்றார்.

கடைசியில்தான் சொன்னேன். அது நிஜம். அதற்குள் அவர் சொந்த ஊரில், அவரைத் திருடன் என்று சொன்னவர்கள் முன்னால், பையைத் தரையில் கவிழ்த்திருந்தார்.

டைப் அடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு பண்ணுவீர்கள். எல்லாரும் பண்ணுவோம். தப்பு உங்களுடையது என்று தெரிந்துவிட்டால், அடுத்தவர் பையைத் திறக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்.